“விசாரணைக்கு உதவ” கொண்டுபோனார்கள் என்றால் என்ன அர்த்தம்?

தம்பி, நீங்கள் அனுப்பிய மூன்று செய்திகளையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே நம் தோட்டத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில், ஓய்வுபெற்ற மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணி) ஒருவர் இறந்து கிடந்தார். முந்தின இரவு அவரோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்த உங்கள் தாய்மாமாவைப் போலீஸ் கொண்டுபோனது.

மறுநாள் பத்திரிகை, “ஓய்வுபெற்ற மண்டோர் கொடூரக் கொலை! ஆடவன் கைது” என்று தலைப்புப் போட்டு, உள்ளே “விசாரணைக்கு உதவும் பொருட்டு தடுத்து வைக்கப்பட்டுள்ளான்” என்று எழுதியது. அதே நாள் மாலை கைப்பேசியில் வந்த இன்னொரு செய்தி, “சம்பவம் திடீர் மரணம் என வகைப்படுத்தப்பட்டு, விசாரணை அறிக்கை திறக்கப்பட்டுள்ளது” என்றது. ஐந்து நாள் கழித்து மூன்றாவது: “நான்கு நாள் தடுப்புக் காவலுக்குப் பின் ஆடவர் விடுதலை; விசாரணை தொடர்கிறது.” தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலோ, “காசு கொடுத்து வெளியே வந்துவிட்டார்” என்று பேச்சு. இதில் எந்தப் பத்திரிகை பொய் சொல்கிறது, போலீஸ் எதை மறைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொய் என்று எனக்குப் படவில்லை. முதல் செய்தியின் தலைப்பு மட்டும் தனக்குத் தெரியாததைச் சொல்கிறது. மற்ற இரண்டும், வந்த தகவலைத் தமிழில் இருக்கும் சொற்களைக் கொண்டு சொல்லியிருக்கின்றன. அந்தச் சொற்கள்தான் ஒவ்வொன்றும் மூன்று நான்கு பொருளைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. நான் பேராவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். சொல்லுக்குச் சொல் மாட்டிக்கொண்டு முழித்தே பாதி ஆயுசு போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தி வந்த வழியைப் பாருங்கள். மாவட்டப் போலீஸ் தலைவர் மலாயில் ஓர் அறிக்கை விடுவார், இல்லையென்றால் நிருபர்களிடம் வாட்ஸ்அப்பில் நாலு வரி சொல்வார். அதைப் பெர்னாமா செய்தி நிறுவனமும் மலாய்ப் பத்திரிகைகளும் எழுதும். தமிழ்ச் செய்தியாளர் அதைப் பார்த்து அரை மணி நேரத்தில் தமிழாக்குவார். ஆக, நீங்கள் படிப்பது போலீஸ்காரர் பேச்சின் பேரப்பிள்ளை.

இப்போது ‘விசாரணை’யை எடுத்துக்கொள்வோம். மலாயில் போலீஸ் துப்புத் துலக்குவது ‘சியாசத்தான்’. ஆளை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது ‘சோவால் சியாசாட்’. மரணத்தின் காரணத்தை நீதிமன்றம் ஆராய்வது ‘இன்குவெஸ்’. குற்றம் சாட்டியபின் வழக்கு நடப்பது ‘பெர்பிச்சாராஆன்’. நாலும் வேறு வேறு, முதல் இரண்டு போலீஸ் வேலை, மற்ற இரண்டு நீதிமன்ற வேலை. தமிழில் நாலுக்கும் நாம் ‘விசாரணை’ என்றே எழுதுகிறோம். “விசாரணை தொடர்கிறது” என்று படித்ததும் உங்கள் அம்மா அழுதார்கள் என்றீர்களே, அவர்கள் கோர்ட்டில் கேஸ் நடப்பதாக நினைத்திருப்பார்கள். அங்கே சொன்னது, போலீஸ் இன்னும் ஃபைலை மூடவில்லை என்பது மட்டும்தான்.

இதே சொல் வேறோர் இடத்தில் இன்னும் மோசமாகக் காலை வாரும். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசித்ததும் ஒருவர் “நான் குற்றவாளி இல்லை, வழக்கை நடத்துங்கள்” என்று சொன்னால், நம் பத்திரிகைகள் “விசாரணை கோரினார்” என்று போடும். படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? யாரோ நியாயம் கேட்டு மனுக் கொடுத்தது மாதிரி இருக்கும். உள்ளபடி அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார்.

‘விசாரணை அறிக்கை திறக்கப்பட்டது’ என்பதும் அப்படித்தான். அறிக்கை என்றால் வேலை முடிந்து எழுதுவது என்று நமக்குப் பழக்கம். இங்கே மூலத்தில் இருப்பது ‘கெர்த்தாஸ் சியாசத்தான்’. போலீஸ் ஒரு கேஸுக்குத் தொடங்கும் கோப்பு அது. அன்றைக்கு அதற்குள் பெரும்பாலும் முதல் புகாரும் இரண்டு மூன்று படங்களும்தான் இருக்கும். யாரும் எந்த முடிவுக்கும் வந்திருக்க மாட்டார்கள்.

சரி, ‘திடீர் மரணம்’. குழுவில் ஒருவர் “போலீஸே மாரடைப்பு என்று சொல்லிவிட்டதே” என்று எழுதியிருக்கிறார். போலீஸ் அப்படிச் சொல்லவில்லை. ‘மாத்தி மெங்கெஜுட்’ என்பது கோப்பின் அட்டையில் ஒட்டும் பெயர். ஒரு சாவில் முதல் பார்வைக்குக் குற்றத்தின் அடையாளம் தெரியாவிட்டால் அந்தப் பெயரில் கோப்பு திறப்பார்கள். தூக்கில் தொங்கியவருக்கும் அதே பெயர், ஆற்றில் மூழ்கியவருக்கும் அதே பெயர். சவப் பரிசோதனையில் வேறு ஏதாவது தெரிந்தால் அட்டை மாறும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் மூன்று செய்திகளுக்கும் இடையில் இருக்கும் முரண்பாட்டின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். திடீர் மரணம் என்ற கோப்பில் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் இல்லாமல் ஒருவரை நான்கு நாள் உள்ளே வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு தர மாட்டார். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் குற்றத்தை விசாரிக்கிறோம் என்று அங்கே சொல்லியாக வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்று. இரண்டாவது செய்தி மாலையில் வெளியானாலும், அதிலுள்ள போலீஸ் வாசகம் உடல் கிடைத்த அன்று சொன்னதாக இருக்க வேண்டும், பிறகு கோப்பு மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாமாவை வேறொரு குற்றத்துக்காக உள்ளே வைத்திருக்க வேண்டும். எதுவென்று மூன்று செய்தியிலிருந்தும் சொல்ல வழியில்லை, ஏனென்றால் மூன்றிலும் செக்‌ஷன் எண் இல்லை. இது பெரிய ஓட்டை. சொற்களைத் துருவுவதற்கு முன்னால், எந்தச் செக்‌ஷன், போலீஸ் எந்த நாள் எந்த நேரம் சொன்னது என்ற இரண்டையும் தேடுங்கள். மலாய்ச் செய்தியின் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இருக்கும். தமிழுக்கு வரும்போது இடப் பற்றாக்குறையில் முதலில் வெட்டுப்படுவதும் அந்தக் கடைசிப் பத்திதான்.

செக்‌ஷன் எண் கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை, 304 என்றால் கொலையாகாத மரணம் விளைவித்தல், 304ஏ என்றால் கவனக்குறைவால் மரணம். ‘302இன் கீழ் விசாரிக்கப்படுகிறது’ என்பதும் ‘302இன் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார்’ என்பதும் ஏணியின் இரண்டு முனைகள். முன்னதைப் போலீஸ் முடிவு செய்யும். பின்னது அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் கையில். அரசமைப்புச் சட்டத்தின் 145ஆம் பிரிவில் அந்த அதிகாரம் சட்டத்துறைத் தலைவருக்கு இருக்கிறது. “போலீஸ் கேஸ் போட்டுவிட்டது” என்று நாம் பேசுவோம், ஆனால் போலீஸ் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி.

குகன் விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் காவலில் இருக்கும்போது இறந்த இளைஞர். முதல் சவப் பரிசோதனையில் மரணக் காரணம் ‘நுரையீரலில் நீர் கோத்தது’ என்று வந்தது. படித்தவர்கள் ஏதோ நோய் என்று நினைத்திருப்பார்கள். குடும்பம் விடாமல் நின்று இரண்டாவது பரிசோதனை செய்ய வைத்தது. அதில், அடிபட்டதில் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது என்று தெரிந்தது. ‘மரணக் காரணம்’ என்ற சொல் கடைசியில் உடம்பில் எது நின்றது என்பதையும் சொல்லும், அதை எது நிறுத்தியது என்பதையும் சொல்லும். செய்தியில் வருவது முதலாவதாக இருக்கும். நாம் இரண்டாவதாகப் படித்துக்கொள்வோம். அந்த வழக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நாளிலேயே கொலை என வகைப்படுத்தியதாகத் தலைப்புகள் வந்தன. முடிவில் ஒரே ஒரு காவலர் மீதுதான் வழக்கு, அதுவும் காயம் விளைவித்த குற்றத்துக்கு.

உங்கள் செய்தியிலும் ‘தலையில் காயம் காணப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. கால்வாய்க் கட்டில் விழுந்தாலும் தலையில் காயம் காணப்படும். ‘காணப்பட்டது’ என்பதைத் ‘தாக்கப்பட்டது’ என்று யாரோ குழுவில் மாற்றிப் போட்டிருக்கிறார். அந்த ஒரு சொல் மாற்றத்தைப் பத்திரிகை செய்யவில்லை, நாம் செய்தோம்.

இப்போது “விசாரணைக்கு உதவும் பொருட்டு தடுத்து வைக்கப்பட்டுள்ளான்” என்ற வரிக்கு வருகிறேன். ‘உதவ’ என்ற சொல்லைப் பார்த்து, மாமா சாட்சி சொல்லத்தான் போனார் என்று நீங்கள் ஆறுதல் பட்டுக்கொள்கிறீர்கள். மனசு கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன்: சாட்சியைத் தடுத்து வைப்பதில்லை. சாட்சியிடம் அதே நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘உதவ’ என்பதோடு ‘தடுத்து வைப்பு’ம் சேர்ந்து வந்தால், ‘இவர்மேல் சந்தேகம் இருக்கிறது’ என்பதற்குப் போலீஸ்காரர் பேசும் மரியாதை மொழி அது. ஆனால் சந்தேகம் என்பதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. கடைசியாகக் கூட இருந்தவர் என்பதே போதும்.

அதே வரியில் ‘உள்ளான்’ என்று முடித்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. இறந்தவர் ‘ஆடவர்’, பிடிபட்டவர் ‘ஆடவன்’. மலாயில் ‘லெலாக்கி’ என்ற ஒரே சொல், ‘டியா’ என்ற சுட்டும் இருவருக்கும் பொது. ‘உள்ளான்’, ‘உள்ளார்’ என்று வினைமுடிவில் மரியாதையைக் காட்டும் பிரிவு அங்கே கிடையாது. தமிழுக்கு வரும்போது எழுதுகிறவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘ன்’ போட்ட நிமிடமே, நீதிபதி சொல்ல வேண்டியதை நிருபர் சொல்லிவிடுகிறார். ஐந்து நாள் கழித்து வெளியே விட்டதும் அதே மனுசர் ‘ஆடவர்’ ஆகிவிட்டார். மூன்றாவது செய்தியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், தெரியும்.

பெயர் வைப்பதற்கும் தீர்ப்புக்கும் உள்ள இந்த உறவு நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டதும், கம்யூனிஸ்டுகளோடு நாட்டில் தொடங்கிய சண்டையை அரசாங்கம் ‘போர்’ என்று எழுதவில்லை, ‘அவசரகாலம்’ என்றார்கள். போர் என்று எழுதினால் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் நஷ்டஈடு தராது என்பதால்தான் அப்படி என்று சொல்வதுண்டு. காட்டில் இருந்தவர்களை முதலில் ‘கொள்ளையர்’ என்றார்கள், 1952இல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்’ என்று மாற்றினார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

மலாயிலிருந்து வரும் இன்னும் இரண்டு தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அடேக்’ என்றால் தம்பியாகவும் இருக்கலாம் தங்கையாகவும் இருக்கலாம். ‘ரக்கான்’ என்றால் நண்பரோ கூட வேலை செய்தவரோ. ‘இறந்தவரின் நண்பர் எனக் கூறப்படும்’ என்று உங்கள் மாமாவை எழுதியிருக்கிறார்களே, இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் ஒரே பிரட்டுக்களத்தில் நின்றவர்கள், அவ்வளவுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். மற்றது ‘டிடாக்வா’. இந்தச் சொல் ‘அப்படிச் செய்ததாகச் சொல்லப்படுகிறது’ என்ற பொருளிலும் வரும், ‘நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார்’ என்ற பொருளிலும் வரும். இரண்டையும் தமிழில் ‘குற்றஞ்சாட்டப்பட்டார்’ என்று போட்டுவிட்டால் தீர்ந்தது கதை. பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சாட்டியதும் கோர்ட்டில் சாட்டியதும் ஒன்றாகிவிடும். செய்தியில் மாஜிஸ்திரேட் பெயரோ நீதிமன்றமோ செக்‌ஷனோ கூடவே இருந்தால் இரண்டாவது. ஒன்றுமே இல்லையென்றால் யாரோ சொன்னது.

‘தடுப்புக் காவல்’ என்ற சொல்லைப் பார்த்து உங்கள் சித்தி பயந்ததும் நியாயம்தான். பழைய ஐ.எஸ்.ஏ. (உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) காலத்தில் வழக்கில்லாமல் வருஷக்கணக்கில் கமுந்திங் முகாமில் வைத்ததற்கும் அதே சொல், இப்போது நாலு நாள் ‘ரேமன்’ வைப்பதற்கும் அதே சொல். எத்தனை நாள் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நாட்கணக்கில் வந்தால், அதுவும் மாஜிஸ்திரேட் அனுமதித்ததாக இருந்தால், ரேமன். ரேமனிலும் கணக்கு இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் தடவை அதிகபட்சம் 4 நாள், அடுத்த தடவை 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7 நாளும் 7 நாளும். இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் குழுவில், “நாலு நாள்தானே கொடுத்தார்கள், அப்படியானால் கொலைக் கேஸ் இல்லை” என்று எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர், ஆனால் பாதி வழிதான் வந்திருக்கிறார். முதல் தடவையே ஏழு நாள் கொடுத்திருந்தால் பெரிய குற்றம் என்று நிச்சயமாகச் சொல்லலாம். நாலு நாள் என்பதைத் திருப்பி வாசிக்க முடியாது. ஏழு கேட்ட இடத்தில் மாஜிஸ்திரேட் நாலு கொடுப்பது சர்வ சாதாரணம்.

அடுத்தது ‘விடுதலை’. இது எனக்குக் கோர்ட்டிலேயே தலைவலி கொடுத்த சொல். லோக்கப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பினாலும் விடுதலை. போலீஸ் ஜாமீனில் விட்டாலும் விடுதலை. வழக்குப் போட்டபின், அரசாங்கத் தரப்பு இப்போதைக்கு நடத்தவில்லை என்று சொல்லி, நீதிமன்றம் குற்றச்சாட்டிலிருந்து அனுப்பினாலும் விடுதலை. இந்த ஆளை அதே குற்றத்துக்கு மறுபடியும் கொண்டுவரலாம். மலாயில் ‘டிலெப்பாஸ் தன்பா டிபெபாஸ்கான்’ என்பார்கள், விட்டது உண்மை, குற்றமற்றவர் என்று சொன்னதாக ஆகாது. வழக்கு நடந்து குற்றமில்லை என்று தீர்த்தாலும் விடுதலைதான். அதுதான் முழு விடுதலை. ஒரு தடவை, ஒரு பையனின் வழக்கில், இந்த மூன்றாவது வகைதான் என்று தெரிந்தும், வாயில் வந்த பழக்கத்தில் ‘விடுதலை’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். அந்தப் பையனின் அம்மா வெளியே போய்க் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார். எட்டு மாதம் கழித்து அதே குற்றச்சாட்டில் மறுபடி அழைத்து வந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ‘இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம், கேஸ் திரும்ப வரலாம்’ என்று நீட்டி முழக்கியே சொன்னேன். நீதிபதி ஒருவர் “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்டதுண்டு.

உங்கள் மாமா மேல் குற்றச்சாட்டே பதிவாகவில்லை. ஆகவே அவருடையது முதல் வகையோ இரண்டாம் வகையோதான். காவல் நாள் முடிந்தது, மேலும் வைத்திருக்கப் போலீஸ் கேட்கவில்லை, அல்லது கேட்டுக் கிடைக்கவில்லை. காசு கொடுத்ததற்கும் இதில் ஆதாரமில்லை, கைகழுவிவிட்டார்கள் என்பதற்கும் இல்லை. ஜாமீன் என்றால் உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். தோட்டத்தில் ஜாமீனையும் லஞ்சத்தையும் ஒரே மூச்சில் ‘காசு கட்டினான்’ என்பதால் வந்த பேச்சாகவும் இருக்கலாம்.

‘குற்ற அம்சம் இல்லை’ என்று நாளைக்குப் போலீஸ் சொன்னாலும் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு மாறாகக் கொலைதான் என்று எதிர்த் தரப்பார் சண்டைக்கு வந்தாலும் நம்பாதீர்கள். 2019இல் சிரம்பான் பந்தாய் பக்கம் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சிறுமி ஒருத்தி காணாமற்போய், பத்தாம் நாள் காட்டு ஓடையில் சடலமாகக் கிடைத்தாள். குற்ற அம்சம் இல்லை என்றது போலீஸ். மரண விசாரணை நீதிமன்றம் 2021 ஜனவரியில் அசம்பாவித மரணம் என்றது. பெற்றோர் மேல்முறையீடு செய்ய, ஜூனில் உயர்நீதிமன்றம் அதை மாற்றித் ‘திறந்த தீர்ப்பு’ என்றது. திறந்த தீர்ப்பு என்றால் எப்படி நடந்தது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்று பொருள். கொலை என்று அர்த்தமில்லை. அன்றைக்கு ‘தீர்ப்பு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, “கேஸ் ஜெயித்துவிட்டது” என்று பேசியவர்களும் நம் கோப்பிக் கடையில் இருந்தார்கள்.

ஒருவேளை, அப்படி ஆகக் கூடாது, யார் மேலாவது கொலைக் குற்றச்சாட்டு பதிவாகி, “வாக்குமூலம் எதுவும் பதிவு செய்யப்படவில்லை” என்று செய்தி வந்தால், ஆள் வாயைத் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை, உயர்நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று அங்கே கேட்டுப் பதிவதில்லை. “போலீசிடம் ஒப்புக்கொண்டார்” என்று வந்தாலும் அப்படியே விழுங்க வேண்டாம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாக நீதிமன்றம் ஏற்பதில்லை, நடைமுறைச் சட்டம் 113ஆம் பிரிவு அது. எதை ஒப்புக்கொண்டார் என்பதும் செய்தியில் இருக்காது. “ஆமாம், அன்றிரவு கூட உட்கார்ந்து தண்ணி போட்டேன்” என்பதும் ஓர் ஒப்புதல்தான்.

இறந்தவரின் மகன்தான் முதலில் போலீசில் புகார் கொடுத்தவர் என்கிறீர்கள். அவருக்கு ஒரு வழி இருக்கிறது. புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்தபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவில் எழுதிக் கேட்கலாம்; வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். உங்கள் குடும்பம் போய் இதைச் சொன்னால் அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. கோயில் தலைவர் மூலமாகச் சொல்லிப் பாருங்கள்.

மாமா வெளியே வரும்போது கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறதா என்று அத்தையிடம் கேளுங்கள். அதில் ‘ஜாமினான்’ என்ற சொல்லும் மறுபடி போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டிய தேதியும் இருந்தால், அந்தத் தேதியைத் தவற விடக் கூடாது. படம் பிடித்துக் குழுவில் போட வேண்டாம், எனக்கு மட்டும் அனுப்புங்கள். மூன்று செய்திகளுக்கும் மூலமான மலாய்ச் செய்தி கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், கடைசிப் பத்தியை வெட்டாமல்.